பாட்டு வருது, பேச்சு வரல. அப்பாவுக்கு இது எப்படி?

மாடிவீட்டுக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சில மாசம் ஆச்சு. மூளையில இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. கால் ஓரளவு தேறிடுச்சு, தடி ஊன்றி நடக்கிறார். வலது கை இன்னும் மடங்கினபடியேதான் இருக்கு. பெரிய அடி பேச்சுக்குத்தான். நாம சொல்றது அவருக்குப் புரியுது. கண்ணாடி எங்கன்னு கேட்டா இடது கையால அலமாரியைக் காட்டுறார். தம்பி ஏதாவது அசட்டுத்தனமா உளறினா சரியான இடத்துல சிரிக்கிறார். ஆனா அவர் வாயைத் திறந்தா "ஆமா", "அது... அது வந்து", அதோட நின்னுடுது. என் பேரைச் சொல்ல உதட்டைக் குவிக்கிறார், காத்து மட்டும்தான் வருது.

இதுல ரெண்டு விஷயம் எங்களைப் போட்டுக் குழப்புது. தம்பி ஒருநாள் போன்ல ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டான். கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே அப்பா முணுமுணுக்கிற பாட்டு அது. மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு பல்லவியை முழுசாப் பாடினார்! ஒரு வார்த்தை பிசகல. இழுக்க வேண்டிய இடத்துல இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தி, சரணத்துல ரெண்டு வரி போன பிறகுதான் குழறினது. அம்மா அழுதே விட்டாங்க. இன்னொண்ணு சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. பிசியோதெரபிக்கு வர்றவர் கையை நீட்டி மடக்கினப்போ வலி பொறுக்காம ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சு பாருங்க, செய்தி வாசிக்கிறவர் மாதிரி அவ்வளவு சுத்தமா. வீட்டுல அப்படி ஒரு வார்த்தையை நாங்க அவர் வாயால கேட்டதே இல்ல.

அதுலேருந்து அம்மா ஒரே பிடியா நிக்கிறாங்க: "பாட வருது, திட்ட வருது, பேச மட்டும் எப்படி வராமப் போகும்? வீம்பு." தம்பி அதுக்கு ஒரு படி மேல போய் பரீட்சை வைக்க ஆரம்பிச்சுட்டான். பாட்டை நடுவுல நிறுத்தி, "இப்பப் பாடினீங்கள்ல 'நிலா'ன்னு, அதை மட்டும் சொல்லுங்கப்பா"ன்னான். அப்பா "ந... ந... அது..."ன்னு முக்கிப் பார்த்துட்டு இடது கையால கட்டில் விளிம்பை ஓங்கி அடிச்சார். இப்போ பாட்டு போட்டாலே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறார்.

பாட்டுல வர்ற வார்த்தை பேச்சுல ஏன் வர மாட்டேங்குது? பாட்டை வச்சே பேச்சை மீட்க முடியுமா, அதுக்கு முறைன்னு ஏதாவது இருக்கா? இதுக்கு நடுவுல சித்தப்பா வாட்ஸ்அப்ல "432 ஹெர்ட்ஸ் மூளையைப் புதுப்பிக்கும்"னு ஒரு ஆடியோ அனுப்பி, ராத்திரி முழுக்க ஹெட்போன்ல போட்டு விடுங்கன்னு தினமும் கேக்கிறார். அதுல ஏதாவது உண்மை இருக்கா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பேச்சுத்துணை பதில்:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்தவர்களோடுதான் என் வேலை நாளின் பெரும்பகுதி போகிறது. உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அச்சு அசலாக இதே கதையை அடிக்கடி கேட்கிறேன், அந்தக் கெட்ட வார்த்தை உட்பட.

முதலில் அம்மாவுக்கு. இது வீம்பு அல்ல. 1861-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே அசையைத்தான் சொல்வார், கேட்பது அவருக்குப் புரியும். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு முழுசாக வரும். இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சேதம். அந்த இடத்துக்குத்தான் இன்று புரோக்காவின் பெயர். அதற்கும் நூறு வருஷம் முன்பே, 1745-இல், ஸ்வீடனிலிருந்து ஒரு குறிப்பு இருக்கிறது: பேச்சே இல்லாத ஒருவர், நோய்க்கு முன் கற்ற தோத்திரப் பாடல்களைத் தெளிவாகப் பாடினார் என்று. அதில் எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு, ஆரம்பத்தில் இன்னொருவர் கூடச் சேர்ந்து பாடி அவருக்கு எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது என்பது. இதை நினைவில் வையுங்கள், மறுபடி வருகிறேன்.

நாம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாகக் கட்டுகிறோம். சொல்லைத் தேடி, வரிசைப்படுத்தி, அதற்கான ஒலிகளைத் திட்டமிட்டு, நாக்குக்கும் உதட்டுக்கும் அனுப்ப வேண்டும். வலக்கைக்காரர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த வேலை மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது. அப்பாவுக்கு அடிபட்டது அங்கேதான். மனப்பாடமாக ஊறிப்போனவை வேறு வகை. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, வசவு, பிரார்த்தனை, பாட்டு. இவற்றை நாம் கட்டுவதில்லை, தொடங்கி வைக்கிறோம், அது தானே ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹக்லிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் இந்த இரண்டு வகைப் பேச்சையும் பிரித்துக் காட்டிவிட்டார். மெட்டைக் கையாளுவதில் வலது பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு, அது உங்கள் அப்பாவுக்கு நல்லபடியாகவே இருக்கிறது.

ஆகவே தம்பியின் பரீட்சைக்கு வருவோம். பல்லவியில் வந்த "நிலா" உங்கள் அப்பா தேர்ந்தெடுத்துச் சொன்ன சொல் அல்ல. முந்தின சொல் தள்ள, மெட்டு இழுக்க, வந்து விழுந்தது. அதைத் தனியாக உருவிக் கொடு என்றால் முடியாது. நாமே கூட வாய்ப்பாட்டில் ஏழெட்டு எவ்வளவு என்று திடீரெனக் கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். அவருக்கு அந்த அளவு கூட நடுவில் இறங்க வழியில்லை. நம்புங்கள், தன் வாயிலிருந்து இப்போதுதான் வந்த சொல் மறுபடி வராதபோது அதிர்ந்து போவது அவர்தான். அவர் கட்டிலை அடித்ததற்கு அதுதான் காரணம். பரீட்சையை இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்து, முறை உண்டா என்றால் உண்டு. 1973-இல் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூன்று பேர் அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்து வெளியிட்டது, மெலடிக் இன்டொனேஷன் தெரபி. பெயர்தான் பெரிது. எதிரே உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொள்வேன். ஒரு சின்னத் தொடர், அவருக்கு அன்றாடம் உதவக்கூடியது. "தண்ணி வேணும்" என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே சுருதி, ஒன்று கீழே, ஒன்று கொஞ்சம் மேலே. தண், ணி, வே, ணும். ஒவ்வொரு அசைக்கும் அவர் கையால் மேசையில் ஒரு தட்டு. "வே"யில் சுருதி மேலே ஏறி நீளும், மற்றதெல்லாம் கீழே. முதலில் சொல்லே இல்லாமல் ம்ம்ம் என்று மெட்டை மட்டும் முனகுவோம். பிறகு இருவரும் சேர்ந்து சொல்லோடு பாடுவோம். பிறகு சேர்ந்து தொடங்கி, நான் பாதியில் குரலைத் தணித்து விலகிவிடுவேன், அவர் முடிப்பார். அப்புறம் நான் பாடி நிறுத்த அவர் திருப்புவார். கடைசியாக நான் "என்ன வேணும்?" என்று அதே இழுப்பில் கேட்பேன், அவர் பதில் சொல்வார். வாரக்கணக்கில் இது ஓடும். அது நன்றாக நின்றபின் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, பாதிப் பாட்டு பாதிப் பேச்சாக்கி, பிறகு சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவோம்.

கவனியுங்கள், இதில் சினிமாப் பாட்டு எங்கேயும் இல்லை. அவருக்குத் தெரிந்த பாட்டின் மெட்டைப் போட்டால் அந்தப் பாட்டின் வரிகளே முண்டியடித்து வந்துவிடும். அதனால் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே மிகைப்படுத்திப் பாட்டாக்குகிறோம்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கேட்பது நன்றாகப் புரிய வேண்டும், பேச்சு மட்டும் தடைபட்டிருக்க வேண்டும், சேதம் இடது பக்கத்தோடு நின்றிருக்க வேண்டும், உட்கார்ந்து பயிற்சி செய்யும் பொறுமை இருக்க வேண்டும். உங்கள் அப்பா பொருந்தக்கூடியவராகத்தான் தெரிகிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் எது வேலை செய்கிறது என்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை. வலது மூளை பேச்சைக் கற்றுக்கொள்கிறது என்பது ஒரு கட்சி. 2009-இல் பாஸ்டனில் தீவிரப் பயிற்சி எடுத்த 6 பேரின் மூளையைப் படம் பிடித்து, வலது பக்க நரம்பிழைகள் தடித்திருப்பதைக் காட்டினார்கள். 6 பேர் என்பது கொஞ்சம்தான். 2011-இல் ஜெர்மனியில் 17 பேரை வைத்துச் செய்த ஆய்வு, மெட்டை விடத் தாளமும் பழகிய தொடர்களும்தான் முக்கியம் என்றது. என் கட்சி எது என்று கேட்டால், 2006-இல் கனடாவின் மாண்ட்ரியாலில் வந்த முடிவு. தனியாகப் பாடும்போது, தனியாகப் பேசுவதை விட அதிகச் சொற்கள் வரவில்லை. இன்னொரு குரலோடு சேர்ந்து பாடும்போது வந்தன. 1745-இல் யாரோ ஒருவர் எடுத்துக்கொடுத்தாரே, அதுதான் இது. நான் பயிற்சி அறையில் தினமும் பார்ப்பதும் அதுதான்: என் உதடு அசைவதை அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பயிற்சி எடுத்த தொடர்கள் நன்றாகவே வரும். அதிலிருந்து சரளமான உரையாடலுக்குப் போவது ஆளைப் பொறுத்தது, அதற்கான ஆதாரமும் அவ்வளவு வலுவாக இல்லை. "தண்ணி வேணும்", "வலிக்குது", "லைட்டை அணை" என்று பத்துப் பன்னிரண்டு தொடர்கள் வந்தாலே வீடு மாறிப்போகும் என்பது என் அனுபவம். பெரிய கனவை முதலிலேயே காட்டாதீர்கள்.

இடக்கை பதில்:

எனக்கும் வந்தது. இடது பக்கம்தான். இப்போ பேசுவேன். மெதுவா. எழுதுறது இன்னும் மெதுவா, அதனால சின்னதா எழுதுறேன்.

உள்ளே என்ன நடக்கும்னு சொல்றேன். வார்த்தை தெரியும். வடிவம் தெரியும். வாசல் தெரியாது. "கதவு"ன்னு நினைப்பேன், வாய் "பேனா"ங்கும். தப்புன்னு எனக்கே கேக்கும். அதுதான் கொடுமை.

பாடும்போது அந்தப் பயம் இல்ல. அடுத்தது வரும்னு உடம்புக்குத் தெரியும். அதனால பாட்டு எனக்குப் பயிற்சியா இருந்ததை விட ஓய்வா இருந்ததுதான் அதிகம். ஒரு நாள்ல அந்த மூணு நிமிஷம் மட்டும் நான் பழைய ஆள்.

அதையும் பரீட்சை ஆக்கினா போச்சு. அப்பா ஏன் சுவர் பக்கம் திரும்புறார்னு எனக்குப் புரியுது.

ரெண்டு விஷயம். ஒண்ணு, டிவியை அணைச்சுட்டுப் பேசுங்க. ரெண்டு சத்தம் ஒண்ணா வந்தா எனக்கு ரெண்டுமே குழம்பும், இன்னிக்கும். இன்னொண்ணு, நீங்க வார்த்தையை முடிச்சுக் கொடுக்காதீங்க. காத்திருங்க. காத்திருக்கிறது உங்களுக்குக் கஷ்டம், தெரியும். எங்களுக்கு அந்த நேரம்தான் வேணும்.

என் மனைவி ஒரு வேலை செஞ்சா. பாட்டைப் போட மாட்டா. அவளே பாடுவா, பாத்திரம் கழுவிக்கிட்டே. சுருதி சுத்தமா இருக்காது. வரியோட கடைசி வார்த்தையை விட்டுடுவா. என்னைப் பார்க்கக்கூட மாட்டா. நான் சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, அடுத்த வரிக்குப் போயிடுவா. அதுல எனக்கு நிறைய வார்த்தை வந்துச்சு.

ஒலிப்பதிவுக்காரன் பதில்:

மேல ரெண்டு பேரும் சொன்ன பிறகு மூளையைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்ல. ஆனா அந்த 432 ஹெர்ட்ஸ் என் ஏரியா, அதனால உள்ள வர்றேன்.

ஹெர்ட்ஸ்னா நொடிக்கு எத்தனை அதிர்வுங்கிற கணக்கு, அவ்வளவுதான். வாத்தியங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும்னா எல்லாரும் ஒரே இடத்துல ஆரம்பிக்கணும். மேற்கத்திய இசையில ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு சுருதியில ஆரம்பிச்சுக் குழப்பமா இருந்ததால, 1939-ல லண்டன்ல கூடிப் பேசி 440 ஹெர்ட்ஸ்னு ஒரு எண்ணை வச்சாங்க, பின்னாடி அது ஐஎஸ்ஓ தரமாவே ஆச்சு. 432-க்கும் 440-க்கும் வித்தியாசம் அரைச் சுருதி கூட இல்ல, அதுல மூணுல ஒரு பங்கு சுமார். 432-ல மூளை புதுப்பிக்கப்படும், 440-ல கெட்டுப்போகும்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. தன் குரலுக்கு வாகான சுருதியை எடுத்துப் பாடுறவங்க இந்த ரெண்டு எண்ணையும் சட்டை பண்ணாம காலங்காலமாப் பாடிக்கிட்டு இருக்காங்க, அவங்க யாருக்கும் இதனால ஒண்ணும் ஆகல.

இந்த மாதிரி வியாபாரம் புதுசில்ல. 1993-ல நேச்சர் இதழ்ல ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு. 36 கல்லூரி மாணவர்கள், 10 நிமிஷம் மொசார்ட்ங்கிற மேற்கத்திய இசை மேதையோட இசை, அதுக்கப்புறம் ஒரு வகைப் புதிர்ல கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். அந்தப் பலன் கால் மணி நேரம் கூடத் தாங்கல. அது வளர்ந்து "குழந்தைக்கு மொசார்ட் போட்டா அறிவாளி ஆகும்"னு மாறி, 1998-ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேக்கிற அளவுக்குப் போச்சு. பின்னாடி பார்த்தா, கேக்கிறவருக்கு உற்சாகம் வர்ற எதைக் கேட்டாலும் அந்தச் சின்னப் பலன் வருதுன்னு தெரிஞ்சுது.

அதுக்காக இசை கேக்கிறதால ஒண்ணுமே இல்லன்னு சொல்ல வரல. 2008-ல ஃபின்லாந்துல, ஹெல்சின்கியில, பக்கவாதம் வந்த 60 பேரை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழு தனக்குப் பிடிச்ச பாட்டை தினம் ஒரு மணி நேரமாவது கேக்கணும், ரெண்டு மாசத்துக்கு. இன்னொரு குழு புத்தகம் வாசிக்கிற ஒலிப்பதிவு. மூணாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பாட்டு கேட்டவங்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மத்தவங்களை விட நல்லா மீண்டுச்சு, மனச்சோர்வும் மனக்குழப்பமும் குறைவா இருந்துச்சு. பாட்டை யார் தேர்ந்தெடுத்தாங்கன்னு பாருங்க. நோயாளியே. சித்தப்பா இல்ல.

ராத்திரி முழுக்க ஹெட்போன் மட்டும் வேணவே வேணாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற எல்லை 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் குறைச்சு வச்சாலும், பேச்சைப் பிரிச்சுக் கேக்க நாள் பூரா உழைக்கிற மூளைக்கு ராத்திரியாவது அமைதி கொடுங்க.

தொழில்காரன் யோசனை ஒண்ணு. போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க. அந்தத் துளியூண்டு ஸ்பீக்கர்ல கீழ்ச் சுருதியே வராது. ஆண் குரலோட அடிச் சுருதி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும். பழைய தொலைபேசி 300-க்குக் கீழ அனுப்பினதே இல்ல. அப்புறம் எப்படி நமக்கு அது ஆண் குரலாவே கேட்டுச்சு? மேல இருக்கிற அதிர்வுகளை வச்சு மூளை அந்த இல்லாத அடிச் சுருதியைத் தானே கணக்குப் போட்டு நிரப்பிக்குது. கேக்கிறதுல பாதி வேலை காதுக்கு உள்ள நடக்கிறதில்ல, அதுக்கும் உள்ள நடக்குது. ஏற்கெனவே களைச்ச மூளைக்கு அந்த வேலையையும் ஏன் கொடுக்கணும்? சுமாரான ஒரு ஸ்பீக்கர், ஃபேனை ஒரு புள்ளி குறைச்சு, ஜன்னலைச் சாத்தி. கேக்கிற விதமே மாறும்.

கூட்டத்தோடபாடி பதில்:

நான் ஒரு சேர்ந்திசைக் குழுவுல பாடுறேன். குரல் சுமார்தான், கடைசி வரிசை. "சேர்ந்து பாடும்போது வருது"ன்னு பேச்சுத்துணை எழுதினதைப் படிச்சதும் கை நிக்கல.

சேர்ந்து பாடுறதுல வெளிய தெரியாத ஒரு வேலை இருக்கு, மூச்சு. பக்கத்துல நிக்கிறவர் தோள் லேசா எழும்பும், அப்பவே எனக்குத் தெரிஞ்சுடும் வரி ஆரம்பிக்கப் போகுதுன்னு. யாரும் ஒண்ணு ரெண்டு எண்ண மாட்டோம். நீளமான வரியில எனக்கு மூச்சு தீர்ந்துட்டா சத்தம் இல்லாம விட்டுடுவேன், பக்கத்து ஆள் அந்த எழுத்தைத் தாங்கிப் பிடிச்சிருப்பார், நான் மறுபடி உள்ள நுழைஞ்சுக்குவேன். கேக்கிறவங்களுக்கு எங்கயும் வெட்டு தெரியாது. தனியாப் பாடினா அதே இடத்துல நான் மாட்டிக்கிட்டு நிப்பேன்.

2013-ல ஸ்வீடன்ல பாடகர்களோட இதயத்துடிப்பை அளந்து பார்த்தாங்க. சேர்ந்து பாடும்போது எல்லாருக்கும் துடிப்பு ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குச்சாம். அதுல மந்திரம் எதுவும் இல்ல. வரி நீளத்துக்கு ஏத்த மாதிரி எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சை இழுத்து விடுறாங்க, மூச்சுக்குத் தகுந்த மாதிரி துடிப்பு மாறுது, அவ்வளவுதான். ஆனா அந்த "அவ்வளவுதான்"குள்ள எவ்வளவு இருக்குன்னு பாடிப் பார்த்தாத்தான் தெரியும்.

இங்கிலாந்துல 2015-ல வந்த ஒரு ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். முன்னப்பின்ன தெரியாதவங்களை வச்சுப் புதுசா வகுப்பு ஆரம்பிச்சாங்க: சிலது பாட்டு, சிலது கைவேலை, சிலது கதை எழுதுறது. ஏழு மாசம் முடியும்போது எல்லா வகுப்புலயும் நெருக்கம் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனா பாட்டு வகுப்புல அது முதல் மாசத்துலயே வந்துடுச்சு. பேசிப் பழகாமலே ஒட்டிக்க முடியுது பாருங்க. பேச்சில்லாத ஒருத்தருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! பல நாடுகள்ல பேச்சிழந்தவங்களுக்குன்னே சேர்ந்திசைக் குழுக்கள் இருக்கு. உங்க அப்பாவுக்குக் குழு எதுவும் தேட வேண்டாம், நீங்க மூணு பேர் போதும். பாட்டைப் போடுறதை நிறுத்திட்டு நீங்களே பாடுங்க. போன் மூச்சு விடாது, அதைப் பார்த்து அவரால எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரிஞ்சுக்க முடியாது.

மாடிவீட்டுக்காரி பதில்:

எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "டான்" கதையும் அவருக்கும் கோபத்துல வசவு வரும்கிறதும் கேட்டதும், வீம்புன்னு சொல்றதை விட்டுட்டாங்க. "அப்போ அது அவர் திட்டல, அதுவா வந்துச்சு"ன்னு அவங்களுக்கு ஒரு நிம்மதி வேற. சித்தப்பாவுக்கு ஒலிப்பதிவுக்காரர் எழுதினதை அப்படியே அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு, பதில் வரல.

இடக்கை ஐயாவோட வீட்டம்மா செஞ்ச மாதிரி அம்மா செஞ்சாங்க. துணி மடிச்சுக்கிட்டே அதே பாட்டு, வரிக் கடைசியை விட்டு விட்டு. அப்பா முதல்ல சுவர் பக்கம்தான் இருந்தார். அம்மாவுக்கு ஒரு இடத்துல வரி மறந்து வேற எதையோ போட்டு ஒப்பேத்தினாங்க. அப்பா திரும்பி சரியான வரியைப் பாடித் திருத்தினார்! முகத்துல அப்படி ஒரு எரிச்சல். பழைய எரிச்சல்.

தொடர் பயிற்சிக்கு ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க ஆரம்பிச்சிருக்கோம். பேச்சுத்துணை சொன்ன மாதிரிதான் அவங்களும் கையைத் தட்டித் தட்டிச் செய்றாங்க. "தண்ணி வேணும்" சேர்ந்து பாடினா வருது, அவங்க பாதியில விலகினா "ணும்" மட்டும் வருது. ஆனா நேத்து ஒரு விஷயம். பயிற்சி முடியுற நேரம், அவங்க இன்னொரு தடவைன்னு கையைப் பிடிச்சாங்க. அப்பா அதே ரெண்டு சுருதியில, தானே தட்டிக்கிட்டு, "வேண்-டாம்"னார். யாரும் சொல்லிக் கொடுக்கல. தம்பி கைதட்டிட்டான். இது நாம சொல்ற நிஜப் பேச்சா, இல்ல இதுவும் தானா வந்து விழுந்ததா? நாளைக்கு இதையே பயிற்சியில சேர்க்கச் சொல்லலாமா?

பேச்சுத்துணை பதில்:

அந்த நேரத்தில், அந்தக் காரணத்துக்காக, அந்த ஆளைப் பார்த்துச் சொன்னார் அல்லவா? அப்படியானால் அது பேச்சுதான். மெட்டை அவரே எடுத்து வேறு சொல்லுக்குப் போட்டிருக்கிறார், இது நான் வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் விஷயம். தெரபிஸ்டிடம் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை போனில் பதிவு செய்து காட்டுங்கள், எந்த அசையில் சுருதியை ஏற்றினார் என்பது அவர்களுக்கு உதவும்.

பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம். ஒரு நிபந்தனை: அவர் "வேண்டாம்" என்றால் நிறுத்திவிட வேண்டும். சந்தோஷத்தில் "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்று தம்பி ஆரம்பித்தால், சொன்னதற்குப் பலன் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொன்னதும் கையை விடுங்கள், நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள், பயிற்சி அன்றைக்கு முடிந்தது. அடுத்த தொடராக "அப்புறம் செய்யலாம்" என்பதை வைக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அடுத்து தேவைப்படுவது பெரும்பாலும் அதுதான்.